‘பரவாயில்லை’ விழுந்த குடம்

கடல் மூன்று புறமும் காக்கும் ஆழிமுனைத் திருநாட்டை ஆளும், கலம்புரந்த பேரரசி தென்னவை நங்கையின் திருமுன்புக்கு, துறைமுக அமைச்சி எயினி வணங்கி விடுக்கும் ஓலை. மலைநகரில் தங்கியிருக்கும் அரசிக்கும் அந்நகர மாந்தருக்கும் நலம் பெருகுக. இங்கு நலம் என்று எழுத எயினிக்குக் கை வரவில்லை.

குறைகேட்டு விடை சொல்லத் துறைவாயிலில் நிறுத்திய பேசும் பாவையை மக்கள் எளிதாகக் கையாளுகிறார்களா என்று கேட்டறியும்படி அரசி பணித்தது நினைவிருக்கும். கணக்கு நன்றாக வந்தால் குறைகேட்கும் அலுவலரை எல்லாம் விலக்கி, ஊர்தோறும் பாவையையே அமர்த்துவது என்பதும் அரசியின் திருவுள்ளம். அவ்வாறே, பாவையிடம் பேசித் திரும்புவோரை எழுத்தர் கோளரி நிறுத்தி, அது சொன்னது புரிந்ததா, மறுபடி அதனிடம் வருவீரா என்று வினவி, ஒவ்வொரு விடைக்கும் ஒரு புளியங்கொட்டையை, மிகத் தீது முதல் மிக நன்று வரை வரிசையாக வைத்த ஐந்து குடங்களில் ஒன்றில் இட்டு வந்தார். ‘நன்று’ என்ற குடம் நிறைந்து வழிந்தது. அந்தக் கணக்கோடு தூதன் நேற்றே புறப்பட்டுவிட்டான்.

இன்று காலை எயினி அங்கே நின்றிருந்தபோது, பவளாயி என்னும் மீனவப் பெண் பாவையிடமிருந்து திரும்பினாள். பேசுவதற்கு எளிதாக இருந்ததா என்று கோளரி கேட்டார். “பரவாயில்லைங்க சாமி” என்றாள். கொட்டை ‘நன்று’ குடத்தில் விழுந்தது. அவளோ போகவில்லை, ஈர முந்தானையை முறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். என்ன வேண்டும் என்று எயினி கேட்டாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுவதைப் பொறுத்தருள்க.

“எம் புருசன் போன கட்டுமரம் இன்னும் கரை சேரலம்மா. தேடப் படகு அனுப்புவீகளான்னு கேட்டா, மீன்வரி எங்க கட்டணும்னு அது சொல்லுது. மறுக்கா கேட்டாலும் அதே. கொரலு மட்டும் தேனு. எங்க வீட்டு ஆளும் கேட்டது ஒண்ணு, சொல்றது ஒண்ணுதான். ஆனா அவரத் திட்டலாம்.”

அப்படியானால் ஏன் பரவாயில்லை என்றாய் என்று எயினி வினவினாள்.

“அரமனை ஆளு மூஞ்சியப் பாத்துக் கேக்குறாக. வேற என்னத்தச் சொல்ல?”

கோளரி குடங்களை அப்படியே விட்டுக் கடைத்தெருவுக்குப் போனார். முன்பு ‘பரவாயில்லை’ என்றவர்களில் அங்கே கண்டவர்களை எல்லாம் அவர் அழைத்து, வந்த காரியம் முடிந்ததா என்று மட்டும் கேட்டதில், பெரும்பாலோர் இல்லை என்று தலையசைத்தனர். அரசியே, அந்தக் குடத்தை நிறைத்தது பாவையின் திறமை அன்று, மக்களின் மரியாதை.

தேடுவதற்கு வேறு படகு கரையில் இல்லாமையால், விழாவுக்கென்று பொன்முகப்பு இட்டு நிறுத்தியிருந்த அரசியின் படகையே எயினி கடலுக்கு அனுப்பிவிட்டாள். ஆணை பெறாமல் செய்தது குற்றமாயின் பதவியை எடுத்துக்கொள்க. படகை மட்டும் திருப்பி அழைக்கச் சொல்ல வேண்டா. இதை எழுதும் இந்நேரம் வரை அது திரும்பவில்லை. பவளாயி நீர் விளிம்பில் நிற்கிறாள். எயினி ஒரு வரி எழுதுவதும் எழுந்து சாளரத்தருகே போவதுமாக இருக்கிறாள்.

முன்சென்ற கணக்கை அரசி நம்பலாகாது. அலுவலரை விலக்கும் ஆணைக்கு இலச்சினை இடலாகாது. இனிக் கோளரி முதலில் கேட்கும் வினா, வந்த காரியம் முடிந்ததா என்பதாக இருக்க அரசி இசைய வேண்டும்.

துறைமுகத்து மீன் இலச்சினை இட்டு, விரைவதில் வல்ல குதிரையாளிடம் தந்தது. ஆகட்டும் என்றோ ஆகாது என்றோ இவனிடமே விடை தந்தருள்க. பரவாயில்லை என்று மட்டும் சொல்லி அனுப்ப வேண்டா. அதை எந்தக் குடத்தில் இடுவது என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.