கரண்டியில் வந்த கிருமி

சிங்கப்பூர், 9.12.1958, செவ்வாய்
தேக்கா சந்தையில் ஐஸ் உருண்டைக்காரரைப் பார்த்ததும் வேறு சந்து வழியாக வந்துவிட்டேன். பெரியவன் வடிவேலுவுக்குக் காய்ச்சல் வந்த அன்று காலையில் அவரிடம்தான் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கால் விழுந்தது. ஐந்தாம் நாள் மூச்சு நின்றது. நாலு வயசு.

ஆஸ்பத்திரியில் இளம்பிள்ளை வாதம் என்றார்கள். என் வீட்டுக்காரர், "குளிர்ச்சியக் குடுத்துட்டா" என்கிறார். துக்கம் கேட்க யார் வந்தாலும் அதுதான். நான் உள்ளே போய்விடுவேன்.

சின்னவள் கண்மணிக்கு இப்போது பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. ஓமத் தண்ணீர்தான்.

12.12
பக்கத்து வீட்டு நூருன்னிசா அக்கா வந்தார். கிளினிக்கில் பிள்ளைகளுக்கு வாதம் வராமலிருக்க மருந்து ஊற்றுகிறார்களாம். "மருந்துன்னா என்னன்னு நெனச்சே? அந்தக் கிருமியவே உயிரோட குடுக்குறாங்களாம்லா!"

இதைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர், "ஒண்ணு போனது பத்தலையா?" என்றார்.

15.12
கொடுத்து ஏதாவது ஆனால்? கொடுக்காமல் ஏதாவது ஆனால்? ரெண்டுக்கும் நான்தானே.

16.12, செவ்வாய்
அவர் வேலைக்குப் போனதும் கண்மணியைத் தூக்கிக்கொண்டு போனேன். மருந்து ஊற்றும் மிஸ்ஸி, லட்சுமி என்று ஒரு தமிழ் நர்ஸ். உயிருள்ளதா என்று கேட்டேன்.

"உயிருள்ளதுதான்க்கா. ஆனா சாது. வயித்துல போயி முன்னாடியே எடம் புடிச்சு உக்காந்துக்கும். பொல்லாதது வந்தா, பஸ் ஃபுல்லுன்னு திரும்பிப் போயிரும்."

ஐஸ் வாங்கிக் கொடுத்ததைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"காலையில தின்ன ஐஸுல சாயங்காலமே வராதுக்கா. காய்ச்சலுக்கு ஒரு வாரம் முன்னாடியே கிருமி உள்ள வந்திருக்கும். உங்க தெருவுல பாதிப் பிள்ளைங்களுக்கு வந்திருக்கும். கண்மணிக்குக்கூட. வந்ததே தெரியாமப் போயிருக்கும்."

"அப்ப அவனுக்கு மட்டும் ஏன்?"

"பெரிய டாக்டருக்கே தெரியாதுக்கா."

மருந்து ஊற்றிய கரண்டியை உற்று உற்றுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை — தெளிந்த இனிப்புத் தண்ணீர். அதற்குள் எத்தனை ஆயிரம் உயிர்! என் பிள்ளையைக் கொண்டுபோனதன் அண்ணன் தம்பி, என் பெண்ணுக்குக் காவல் வந்திருக்கிறது. இப்படியும் உண்டா உலகத்தில்? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கண்மணி உதட்டை நக்கிக்கொண்டு, "இன்னும்" என்றாள். மிஸ்ஸி சிரித்துவிட்டாள்.

19.12
எழுந்ததும் கண்மணியின் இரண்டு காலையும் தொட்டுப் பார்த்தேன். உதைத்தாள்.

24.12
இன்றும் உதைத்தாள். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்றிருந்தேன். சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். "ஒரு வாரம் முன்னாடியேவா?" என்று மட்டும் கேட்டார்.

11.1.1959, ஞாயிறு
ஜோகூரிலிருந்து அவர் கூட்டாளி கோவிந்தசாமி வந்தார். விஷயம் இப்போதுதான் தெரியுமாம். "எப்படிப்பா பையன்...?" என்றார். நான் எழுந்துவிட்டேன்.

"கிருமிப்பா. எங்க தெருவுக்கே வந்துச்சு. எங்க வீட்டுல ஒருத்தனத் தூக்கிட்டுப் போயிருச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் உள்ளே போகவில்லை. அங்கேயே உட்கார்ந்தேன்.