வலது பக்கத்துச் சட்டைப் பை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன துறைமுகத்திலிருந்து நீ போட்ட கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. வழக்கமாக முதல் வரியிலேயே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிவிடுவேன். இந்தத் தடவை அந்த வரியைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன். பொறுமையாகப் படித்துக்கொண்டு வா.

நீ மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறாய். புதிதாக வாங்கிய காமிராவுக்கு எந்த லென்ஸ் வாங்குவது, ஆட்களை எப்படி இயல்பாக எடுப்பது, கப்பலை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்துவிடலாமா. போகிற போக்கில் இன்னொன்றும் கேட்டிருக்கிறாய். கடைசியாக அனுப்பிய படத்தில் அப்பாவின் சட்டைப் பை ஏன் வலது பக்கம் இருக்கிறது, இந்த வயதில் புதுப் பாணி ஏதும் ஆரம்பித்திருக்கிறாரா என்று. பிறகு, படங்களில் அப்பா திடமாகத் தெரிகிறார், ஆகவே இன்னும் ஒன்பது மாதத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன், அடுத்த துறைமுகத்தில் கம்பெனி ஆள் காகிதத்தோடு வருவார் என்று முடித்திருக்கிறாய். அந்த ஆள் வருவதற்கு முன் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

முதலில் லென்ஸ். காமிராவோடு வந்த ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸை வைத்துக்கொண்டு யார் முகத்துக்கும் கிட்டே போகாதே. மூக்கு முன்னால் வந்துவிடும், காது பின்னால் ஓடிவிடும். உங்கள் சமையல்காரரை எடுத்து அனுப்பியிருந்தாயே, அதில் அவருக்கு மூக்கைத் தவிர வேறு எதுவுமே இல்லை. மூன்று வேளையும் உனக்குச் சோறு போடுகிற மனுஷன், பாவம். எண்பத்தைந்தோ நூறோ கிடைத்தால் வாங்கு. கிடைக்காவிட்டால் இருப்பதை வைத்துக்கொண்டே ஆறடி தள்ளி நில், பிரிண்ட் போடும்போது பெரிதாக்கிக்கொள்ளலாம். காமிராவின் தலைமேல் மாட்டுகிற ஃபிளாஷைப் பெட்டியிலேயே வைத்திரு. அதை நேரே அடித்தால் எப்பேர்ப்பட்டவரும் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரிதான் வருவார்.

என் ஸ்டூடியோவில் உள்ள சாமான்களிலேயே முக்கியமானது எது என்று கேட்டால் ஸ்டூல் என்றுதான் சொல்வேன். திருகினால் ஏறி இறங்குகிற அந்த மர ஸ்டூல். கைப்பிடியும் இல்லை, சாயவும் முடியாது. ஆள் தானாக நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். நாற்காலி கொடுத்தால் பத்து வயது கூடிவிடும்.

அடுத்து இயல்பு. சிரிங்க என்று யாரிடமும் சொல்லாதே. சொன்ன உடனே முகம் மரமாகிவிடும். நான் மூச்சை முழுக்க வெளியே விடச் சொல்வேன். விட்டு முடித்ததும் ஒரு நொடி முகத்தில் ஒன்றும் இருக்காது, அப்போது அழுத்த வேண்டும். இன்னொன்று, எல்லோருக்கும் தன் முகத்தில் ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் பிடிக்காது. வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், தலை தானாகத் திரும்பிக்கொள்ளும். பிடித்த பக்கத்தில் விளக்கை வைத்துவிட்டு மற்றதை நிழலில் விட்டுவிட வேண்டியதுதான். வங்கி மேனேஜரின் இரட்டைத் தாடை, எதிர்வீட்டு டீச்சரின் நெற்றித் தழும்பு, இப்படி இருபது வருஷத்தில் எத்தனையோ விட்டிருக்கிறேன். ஒரு நாளும் உறுத்தியதில்லை. பொய் சொல்கிறோம் என்று தோன்றியதும் இல்லை. வந்தவர் படத்தை வாங்கிப் பார்த்து, பரவாயில்லையே என்று தலையை ஆட்டினால் என் வேலை முடிந்தது.

தொழிலுக்கு வரலாமா என்றால், இந்தக் கடிதத்தை வைத்து முடிவு செய்யாதே. நீ கேட்டதை அப்பாவிடம் படித்துக் காட்டியபோது, காமிரா வாங்கினவனெல்லாம் போட்டோகிராபர் என்றால் கத்தரிக்கோல் வாங்கினவனெல்லாம் தையல்காரன்தான் என்றார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. ஏன் என்பதை இப்போது சொல்கிறேன்.

நீ கப்பல் ஏறிய ஏழாவது வாரம், காலை பத்து மணி இருக்கும். கீழே தையல் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்த சத்தம் மாடியில் எனக்குக் கேட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தால் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கோணலாக வெட்டுப்பட்ட துணியையே பார்த்துக்கொண்டு. பேச வாய் வரவில்லை. பக்கவாதம். வலது கை, வலது கால், முகத்தில் வலது பாதி. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சு குழறினாலும் பழகினவர்களுக்குப் புரியும். கைதான் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. வாயின் வலது ஓரம் இறங்கியிருக்கிறது. இதற்குமேல் எவ்வளவு தேறும் என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை.

உனக்குச் சொல்லக் கூடாது என்றது அப்பா. பிள்ளை நடுக்கடலில் இருந்துகொண்டு கேட்டு என்ன செய்யப் போகிறான் என்றது அம்மா. சரி என்று தலையாட்டியது நான். மற்ற இருவர் மீதும் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை, ஏனென்றால் படம் எடுத்தது நான்தான்.

முதல் படம், ஜன்னலோரம் பேப்பர் படிப்பது போல. இடது பக்கம் மட்டும் வெளிச்சம். இரண்டாவது, கடை மேசையில் சாய்ந்து நிற்பது போல. அதுவும் இடது பக்கம். வலது கை மேசைக்குக் கீழே தொங்கியது. அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றிலும் ஒரே பக்கமாகவே இருக்கிறாரே, அவனுக்குச் சந்தேகம் வராதா என்றாள். நியாயமான கேள்வி. மூன்றாவது படத்துக்கு இருட்டறையில் நெகட்டிவைப் புரட்டிப் போட்டு பிரிண்ட் எடுத்தேன். இடது கன்னம் வலது கன்னம் ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிற ஒரு அப்பா உனக்குக் கிடைத்துவிட்டார். நிழல் சரியாக இருக்கிறதா, மூக்கு சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். சட்டைப் பையைப் பார்க்கவில்லை.

அப்பா பார்த்தார். படத்தைக் கையில் கொடுத்த மாத்திரத்தில் பையின் மேல் விரலை வைத்தார். அடுத்து பொத்தான் பட்டி, அதுவும் பெண்கள் சட்டை மாதிரி மாறியிருந்தது. வேறு பிரிண்ட் போடுகிறேன் என்றேன். வேண்டாம், அவன் என்றைக்குச் சட்டையைப் பார்த்துப் போட்டிருக்கிறான் என்றார். ஆகவே அப்படியே அனுப்பினேன்.

நீ பார்த்துவிட்டாய். உன் கடிதத்தில் அந்த இடம் வந்ததும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். திரும்பவும் படிக்கச் சொன்னார். கீழே கடைக்கு வந்தவரிடம்கூட அதைச் சொல்லப் பார்த்தார், அந்த மனிதருக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. அதன் பிறகு ஒன்பது மாதம் என்ற வரியைப் படித்தேன். படங்களில் அப்பா திடமாகத் தெரிகிறார் என்று நீ எழுதியிருந்ததையும் விடாமல் படித்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் என் படம் ஒன்றை நம்பி யாரும் இப்படி ஒரு முடிவு எடுத்ததில்லை. அப்பா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை ஸ்டூடியோவைத் திறந்து விளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், மாடிப்படியில் சத்தம். பதினாலு படியையும் இடது கையால் பிடித்துக்கொண்டு அப்பா ஏறி வருகிறார், பின்னாலேயே அம்மா. ஆறு மாதமாக அவர் மாடி ஏறியதில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நேரே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பழக்கதோஷத்தில் ஸ்டூலை ஒரு பக்கமாகத் திருப்பப் போனேன். தரையில் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டார்.

"நேரா எடு," என்றார்.

நேராக எடுத்தேன். விளக்கு இரண்டையும் சமமாக வைத்தேன், எந்தப் பக்கமும் நிழல் இல்லை. கிட்டத்துக் கண்ணுக்குத்தான் ஃபோகஸ் வைக்க வேண்டும் என்று சொல்வார்கள். இரண்டும் ஒரே தூரத்தில் இருந்ததால் அந்தப் பேச்சே எழவில்லை. ஸ்டூலில் சாய இடமில்லை என்று அம்மா பின்னால் குனிந்து முதுகைத் தாங்கிக்கொண்டாள். மூச்சை வெளியே விடச் சொன்னேன். எல்லோரிடமும் சொல்கிற குரலில் சொல்ல வரவில்லை.

அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். டச்சிங் எதுவும் செய்யவில்லை. அப்பாவின் தோளுக்குப் பின்னால் அம்மாவின் முழங்கை கொஞ்சம் தெரியும், அதையும் வெட்டவில்லை. இந்தப் படத்தில் பை இடது பக்கம் இருக்கிறது, பார்த்துக்கொள்.

ஆக, நான் தள்ளி வைத்த வரி இதுதான். அம்மாவும் நானும் சௌக்கியம். அப்பா எப்படி இருக்கிறார் என்பது படத்தில் இருக்கிறது. உன்னை வா என்று எழுத அப்பா விடவில்லை, வராதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். படத்தைப் பார்த்துவிட்டுப் போடு, அவ்வளவுதான் நான் கேட்பது. ஆறு மாதம் மறைத்ததற்கு என் மேல் கோபம் வந்தால் எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

கடிதத்தின் ஓரத்தில் உனக்கு இரண்டு சட்டை வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா. அப்பாவிடம் சொன்னேன். உன் அளவு நோட்டில் இருக்கிறது, பக்கம்கூட எடுத்துக் காட்டினேன். வெட்ட முடியாதே என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் நோட்டை மூடிவிட்டு, அது பழைய அளவு, கப்பல் சோற்றில் ஆள் மாறியிருப்பான், நேரில் பார்த்து எடுத்தால்தான் சரியாக வரும் என்கிறார். டேப்பின் ஒரு முனையை அவர் இடது கையில் பிடித்துக்கொள்வாராம். இன்னொரு முனையை நான் பிடிக்க வேண்டுமாம்.

கடல் காற்றில் வெறும் தலையோடு நிற்காதே. நல்லபடியாக இரு.

உன் அக்கா