நான் காலை எடுக்கலை

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. இங்கே நானும் என் முழங்காலும் பெரிசா சண்டையில்லாம இருக்கோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமா இருக்கணும். முதல்ல, நம்ம ஷெட்டுல பிரேக் வேலை பாத்த அன்னைக்கு யார் யார் இருந்தாங்கன்னு எழுதிடறேன், அப்புறம் யாரும் மாத்திச் சொல்லக் கூடாது. பின்சக்கரத்துக்குப் பக்கத்துல சாக்கு விரிச்சுப் படுத்திருந்தது உன் அப்பா. பானெட்டுகிட்ட ஆயில் டப்பாவுக்குக் காவலா உன் சித்தப்பா. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு போட்டோக்காரர், மோவாயைச் சுவர் மேல வெச்சுக்கிட்டு. டிரைவர் சீட்டுல நான், செருப்பைக் கழட்டிட்டு. நீ பழந்துணி எடுக்க உள்ளே போயிருந்தே, அதனால உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லை.

இப்போ எதுக்கு இந்தக் கதைன்னு கேப்பே. போன வாரம் நீ போன்ல சொன்னது மனசை விட்டுப் போகலை. பழைய கார் வாங்கி வீட்டிலேயே பிரேக்குக்கு ஏர் எடுக்கிறே, ஆயில் குழாயில சிக்கின காத்தை நீயே வெளியேத்தறே, சந்தோஷம், அப்பாவுக்குப் பொண்ணுதானே நீ. ஆனா மாப்பிள்ளையை மிதிக்கச் சொன்னா விடுங்கறதுக்கு முன்னாடியே காலை எடுத்துடறார், பெடல் மெத்துமெத்துன்னு இருக்கு, இனி அவர் உதவி வேண்டாம், கையால உறிஞ்சற பம்ப் ஆர்டர் போட்டாச்சுன்னு சொன்னே. அவர் பக்கத்துல இருந்து சிரிச்சது எனக்குக் கேட்டுச்சு. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், நானும் சிரிச்சிருக்கேன்.

நான் அஞ்சாவதோட நின்னவதான், ஆனா இந்த வேலையில எத்தனை வழி உண்டோ அத்தனையும் நம்ம ஷெட்டுல பாத்திருக்கேன். சக்கரத்துகிட்ட ஆயில் வெளியே வர்ற நிப்பிளைத் திறந்து வெச்சு தானா சொட்டட்டும்னு விடறது ஒண்ணு, ஒரு சக்கரம் முடியறதுக்குள்ள துணி துவைச்சுக் காயப்போட்டுட்டு வந்துடலாம். உறிஞ்சற பம்ப் வேகம்தான், ஆனா நிப்பிளோட மரை வழியாவும் காத்தை இழுக்கும், குழாயில குமிழி வந்துக்கிட்டே இருக்கும், அது உள்ளேயிருந்து வருதா வெளியிலேயிருந்து வருதான்னு தெரியாம முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பே. வால்வு வெச்ச பாட்டில் ஒண்டியா செய்யறவங்களுக்கு, அதைப் பத்தி பின்னாடி வரேன். ரெண்டு பேரா செய்யறதுக்கு ஈடு எதுவும் இல்லை. அப்பா மிதின்னா மூணு தடவை மிதிப்பேன், பிடின்னா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு பிடிச்சாச்சும்பேன். அவர் நிப்பிளைத் திறப்பார், பெடல் என் காலுக்கடியில மெதுவா இறங்கும், மூடிட்டு விடுன்னு சொன்னாதான் காலை எடுக்கணும், முன்னாடியே எடுத்தா போன காத்து திரும்பி வந்துடும். பெடல் தரை வரைக்கும் போனா உள்ளே இருக்கற ரப்பர் கெட்டுடும்னு அடியில ஒரு மரக்கட்டை வெச்சிருந்தார், எனக்காக அளவு பாத்து அவரே அறுத்தது. வீட்டுக்குள்ள சர்க்கரை தீந்துடுச்சா, சாவி எங்கேன்னு மட்டும் பேசற மனுஷன், அங்கே ஒரு மணி நேரம் என்னோட பேசுவார். மிதி, பிடி, விடு, இந்த மூணு வார்த்தைதான். ஆனா நான் பிடிச்சாச்சுன்னா நம்பித் திறப்பார். அந்த வண்டி பிரேக் எப்போ கெடும்னு காத்துக்கிட்டு இருந்தவ நான் ஒருத்திதான்.

அன்னைக்கு சித்தப்பாவுக்கு ஒரே வேலை, பிரேக்குக்கு ஆயில் போற டப்பாவுல ஆயில் குறையாம பாத்துக்கறது. அவர் போட்டோக்காரரோட, எந்தக் கல்யாண ஆல்பத்துல யார் கண்ணை மூடியிருந்தாங்கன்னு பேசிக்கிட்டு நின்னார். பானெட் திறந்திருந்தாலும் அடியில ரெண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி தெரியும். அது வழியா பாத்தேன், திடீர்னு பதறி ஆயிலை மடமடன்னு கவுத்துட்டு, குறையவே இல்லைண்ணான்னார். வத்தின டப்பா வழியா காத்து உள்ளே போயிடுச்சு. பெடல், கனிஞ்ச பழத்தை மிதிச்ச மாதிரி ஆயிடுச்சு. அப்பா எழுந்து வந்து மிதிச்சுப் பாத்து, யார் பண்ண வேலைன்னு கேட்டார். அண்ணி காலை முன்னாடியே எடுத்துட்டாங்கன்னார் சித்தப்பா. நான் எடுக்கலைன்னேன், டப்பாவைப் பத்தியும் சொன்னேன். எல்லாத்தையும் பாத்த போட்டோக்காரர் சுவர்ல இருந்து மோவாயை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டார். அப்பா என்னைப் பாத்து, சரி விடு, உனக்குக் கால் வலிச்சிருக்கும்னார். திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன்.

அடுத்த தடவை பாட்டில் வந்துடுச்சு. அவரே ஏறி மிதிப்பார், இறங்கி வந்து குழாயைப் பாப்பார், மறுபடி ஏறுவார், ஒரு சக்கரத்துக்கு எட்டு நடை. நான் சமையலறை ஜன்னல்ல நின்னு எண்ணுவேன். பத்து வருஷம் கழிச்சு, தன்னோட ஆபரேஷனுக்கு முந்தின நாள், சித்தப்பா எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, டப்பாவை வத்தவிட்டது நான்தான், பயத்துல அண்ணி மேல பழியைப் போட்டேன்னு அழுதார். அன்னைக்கோட சித்தப்பா மேல இருந்த கோபம் போச்சு. அப்பா சிரிச்சுக்கிட்டே, அட, அதெல்லாம் யாருடா ஞாபகம் வெச்சிருக்கான்னார். அதுக்கப்புறம் முதல் தடவையா ஏர் எடுக்கற அன்னைக்கு, யாரும் கூப்பிடாமலே போய் செருப்பைக் கழட்டிட்டு டிரைவர் சீட்டுல உக்காந்தேன். கட்டையை எடுத்து அதோட இடத்துல வெச்சேன். அப்பா பாட்டிலோட வந்து, இந்த வெயில்ல இங்கே ஏன் உக்காந்திருக்கே, உள்ளே போன்னார். போயிட்டேன்.

அதனால சொல்றேன், பம்ப் வந்தா பெட்டியைப் பிரிக்காதே. மாப்பிள்ளையை உக்கார வை. அவர் நிஜமாவே முன்னாடி எடுத்திருக்கலாம், அது எனக்குத் தெரியாது. உன் டப்பா வத்திச்சா, மூடறதுக்கு முன்னாடியே நீ விடுன்னு சொன்னியா, அதை முதல்ல பாரு. அவர் பிடிச்சாச்சுன்னா பிடிச்சாச்சுதான். எப்பவோ திறந்த ஆயிலை ஊத்தாதே, ஈரம் இழுத்திருக்கும். பெயிண்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவு. பெடல் கல்லு மாதிரி நிக்காம வண்டியைத் தெருவுக்கு எடுக்காதே, பேத்தி ஏறப் போற வண்டி. அந்த மரக்கட்டையைப் பழைய துண்டுல சுத்தி பார்சல்ல போட்டிருக்கேன். மாப்பிள்ளைக்குக் கால் பெருசு, இருந்தாலும் வெச்சுப் பாருங்க.

மூணு பேரும் போற இடமெல்லாம் பத்திரமா போய்ச் சேரணும், எனக்கு வேற வேண்டுதல் இல்லை. அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு, படத்தை தினமும் துடைக்கிறேன், ஒரு நாளும் விட்டதில்லை. சித்தப்பாவை மன்னிச்சாச்சு. வாயைத் திறக்காத போட்டோக்காரரையும் ஒருவழியா மன்னிச்சாச்சு. உன் அப்பாவைத்தான் இன்னும் மன்னிக்கலை.

உன் அம்மா