பன்னிரண்டு நிமிடப் படமும் பத்தாம் நம்பர் சுடுகாடும்

13.11.86 வியாழன். காலையிலிருந்து மழை.

நேற்று கோலாலம்பூர் பட விழாவில் எங்கள் மூவருக்கும் அநியாயம் நடந்தது. டிக்கெட் வாங்கியிருந்தோம். இடம் பிடித்திருந்தோம். அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, எங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். கோபத்தில் எழுதவில்லை. தூங்கி எழுந்து மிலோ குடித்த பிறகே எழுதுகிறேன்.

நடந்தது: இரண்டு மணிக்குப் படம். ஒரு மணிக்கே உள்ளே போய்விட்டேன். நடு வரிசையில் மூன்று நாற்காலி. துண்டை நீளமாக மூன்றின் மேலும் விரித்தேன். மாரிமுத்துவும் பச்சையம்மாளும் அடுத்த பஸ்ஸில். இருவருக்கும் பட்டணத்து வழி தெரியாது. கூட்டி வரப் போனேன். பஸ் தாமதம். திரும்பியபோது ஹால் நிறைந்துவிட்டது. என் துண்டு வாசல் மேசைக்கு அடியில். மடிக்கக்கூட இல்லை.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் திடலில் படம் போட்ட காலத்தில் மத்தியானமே துண்டும் பாயும் போட்டுவிட்டு வேலைக்குப் போவோம். இருட்டிய பிறகு வந்தாலும் இடம் இருக்கும். யார் துண்டு என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் தொட மாட்டார்கள். பட்டணத்தில் இந்த மரியாதை இல்லை.

மாரிமுத்து முன்னாள் மண்டோர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர். திரும்பும் வழியெல்லாம் குத்திக் காட்டினார். “சின்னசாமி துண்டு மட்டும் உள்ள போயி படம் பாத்துட்டு வந்துருச்சு. அதுகிட்ட கதை கேளுய்யா.”

திருப்பிப் பேசினால் சண்டை வரும். புதன்கிழமைக்கு வேண்டிய சாட்சி போய்விடும்.

மதியம். மழை விடவில்லை.

எதற்காக இந்த அலைச்சல் என்று மருமகள் கேட்கிறாள். தோட்டத்தின் பத்தாம் நம்பர் காட்டில், கால்வாய்க்கு அந்தப் பக்கம் எங்கள் சுடுகாடு. என் மனைவியையும் மூத்த மகனையும் புதைத்தது அங்கேதான். தோட்டத்தைப் பத்து வருடம் முன் வாங்கிய கம்பெனி இப்போது சொல்கிறது: நாங்கள் வாங்கியபோது அங்கே ஒன்றும் இல்லை, பிறகு அனுமதியில்லாமல் புதைத்தார்கள், இயந்திரம் விட்டுத் தள்ளி எண்ணெய்க்குச் செம்பனை நடப் போகிறோம். நில அலுவலகத்தில் விசாரணை வரும் புதன்.

கம்பெனி வருவதற்கு வெகு காலம் முன் ஒரு வெள்ளைக்காரர் மூன்று கால் கேமராவோடு வந்து எங்கள் தோட்டத்தைப் படம் எடுத்தார். பன்னிரண்டு நிமிடம். அதுதான் இந்த விழாவில் ஒரு பெரிய படத்துக்கு முன்னால் ஓடுகிறது. நூலகத்தில் விழாப் புத்தகம் பார்த்தேன். தபால்தலை அளவு போட்டோ. எங்கள் கால்வாய். சந்தேகமே இல்லை.

நில அலுவலகத்துக் குமாஸ்தா சொன்னது: “மனு போட்டது நீங்க. உங்க கண்ணு செல்லாது. வேற ரெண்டு பேரு பாத்துச் சொல்லணும்.”

படத்தில் சுடுகாடு இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நான் பார்த்ததில்லை. கேமரா கால்வாயோடு நின்றிருந்தால்?

14.11.86 வெள்ளி. வெயில். கால் வீக்கம்.

தனியாகக் கோலாலம்பூர். டிக்கெட் கவுண்டரில் ரவாங் பெண், சாந்தி. தகப்பனார் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவராம்.

“அங்கிள், துணி போட்டா உங்க சீட்டா? உட்கார்ந்தாதான் லா சீட்டு.”

“ஆளக் கூட்டியாரப் போனேன். ஓடிப் போகல.”

“அப்ப அதுவரைக்கும் துண்டு படம் பாக்குமா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. புகார் எழுதிக் கொடுத்தேன், தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. இங்கிலீஷ் அகராதி வைத்து நானே படித்தது. பிழை இருந்தால் இருக்கட்டும்.

படம் நாளை பதினொரு மணிக்கு இன்னொரு முறை. அதுவே கடைசி. அழைப்பு வந்தவர்களுக்குப் போக மிச்சம் இருந்தால், வரிசையில் முன்னால் நிற்பவர்களுக்கு. திங்கள் மத்தியானம் படப்பெட்டி விமானத்தில் போய்விடும்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. முன்பே வாங்கி வைத்திருந்த இன்னொரு படத்தின் டிக்கெட்டுக்கு உள்ளே போனேன். பனி தேசத்துப் படம். ஒருவன் காணாமற்போன மாட்டைத் தேடுகிறான். பாட்டு இல்லை. அடியில் ஓடும் எழுத்தில் ஒரு வரி படிப்பதற்குள் மூன்று பேர் பேசிவிடுகிறார்கள். பிறகு படிப்பதை விட்டுவிட்டு அவன் முகத்தை மட்டும் பார்த்தேன். விளங்கியது. மாடு கிடைத்ததா என்று காட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர் கைதட்டினார். மாடு வருமா என்று விளக்குப் போட்ட பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

15.11.86 சனி. பஸ்ஸில் எழுதுவது. எழுத்து ஆடுகிறது.

முதல் பஸ். மூவரும். எட்டரைக்கே வாசலில் நின்றோம். எங்களுக்கு முன் ஏழு பேர், கல்லூரிப் பிள்ளைகள். பச்சையம்மாள் வெற்றிலையை வாசலில் துப்பப் போனாள். தடுத்தேன்.

“எங்கதாண்ணே துப்பறது? பட்டணத்துல வாயே இல்லையா?”

பத்தே முக்காலுக்கு சாந்தி வந்து எண்ணினாள். ஏழு பேர் உள்ளே போனார்கள். பிறகு எங்களைப் பார்த்தாள். “அங்கிள், ரெண்டு சீட்டுதான் இருக்கு.”

கேட்டுப் பார்த்தேன். நிற்கிறேன் என்றேன். தரையில் உட்காருகிறேன் என்றேன். “ரூல்ஸ் அங்கிள். என்னைத் திட்டுவாங்க.”

குமாஸ்தா சொன்னது நினைவு வந்தது. என் கண் செல்லாது. இருவரையும் உள்ளே தள்ளினேன். “கால்வாய்க்கு அந்தப் பக்கம் பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க.”

கதவைச் சாத்தினார்கள். வெளியே நின்றேன். உள்ளே வெள்ளைக்காரக் குரல். காதை வைத்தேன். “ரப்பர்” என்பது மட்டும் கேட்டது. கைக்கடிகாரம் பார்த்தேன். நான்கு நிமிடம். ஆறு. படம் எடுத்த அன்று என் மனைவியும் வேலைக்கு வந்தவள்தான். படத்தில் இருப்பாளா என்று இதுவரை யாரிடமும் கேட்கவில்லை. ஏழாவது நிமிடம் உள்ளே பச்சையம்மாள் கத்தினாள்: “அய்யோ, அது நாந்தான்! மண்டோரே, அது நாந்தான்!” ஹால் முழுக்க உஷ், உஷ்.

வெளியே வந்ததும் கேட்டேன்.

மாரிமுத்து: “இருந்துச்சுய்யா. சமாதிக் கல்லு இருந்துச்சு. நாலு.”

பச்சையம்மாள்: “நான் கல்லப் பாக்கலண்ணே. என்னையத்தான் பாத்தேன். எவ்ளோ ஒல்லி!”

இத்தனை சொல்லியும். பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

16.11.86 ஞாயிறு. இரவெல்லாம் மழை, இப்போது தூறல்.

தூக்கமில்லை. மாரிமுத்து வீட்டுக்குப் போய் மறுபடி கேட்டேன். இப்போது ஆறு கல். “நாலுன்னு சொன்னீங்களே?” “மூணு மூச்சு நேரந்தான்யா ஓடுச்சு. நான் என்ன கணக்குப் பிள்ளையா?” விசாரணையில் எட்டு என்பார். கம்பெனி வக்கீல் சிரிப்பார்.

வெறுப்போடுதான் பச்சையம்மாள் வீட்டுக்குப் போனேன். உன்னைப் பார்த்தாயே, என்ன செய்துகொண்டிருந்தாய் என்றேன்.

“பால் வாளி தூக்கிட்டு நடக்குறேன். ஒரு கையால முந்தானைய இழுத்து வயித்த மூடிக்கிறேன்.”

“எதுக்கு?”

“எதுக்கா? லெச்சுமி வயித்துல ஏழு மாசம். அந்த வெள்ளக்காரன் கால்வா ஓரமா நடன்னான். வயித்துப் புள்ளக்காரி சுடுகாட்டுப் பக்கம் போவாளா? மாட்டேன்னேன். ஆபீசு கிராணி வஞ்சான். மூடிக்கிட்டு வேகமா நடந்தேன். படத்துல அப்படியே இருக்குண்ணே.”

அவளை மறுபடி சொல்லச் சொன்னேன். அதே சொல். மூன்றாவது முறை கேட்டபோது திட்டினாள். அப்போதும் அதே சொல்.

லெட்சுமிக்கு இப்போது இருபத்தேழு வயது. கம்பெனி வந்து பத்து வருடம். அதற்குப் பதினேழு வருடம் முன்பே அங்கே சுடுகாடு.

நேற்று அவளோடு பேசாமல் வந்தது தவறு. அவளிடம் சொல்லவில்லை.

படப்பெட்டி போய்விட்டால் இதெல்லாம் வெறும் பேச்சு. செய்ய வேண்டியவை:

மாரிமுத்து: கல் எண்ணிக்கையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. கால்வாய் நம் கால்வாய், நடந்தது பச்சையம்மாள், அவ்வளவுதான்.

லெட்சுமி, சுங்கை புரோங் ஊரில்: பிறப்புப் பத்திரம், மூலப் பத்திரமே. செவ்வாய்க்குள். அவள் புருஷன் மோட்டார் சைக்கிளில் கொண்டு வர வேண்டும்.

சாந்தி: பெட்டிக்குச் சொந்தக்காரர் யார், விலாசம் என்ன, எழுதித் தர வேண்டும். படத்தில் பச்சையம்மாள் நடக்கும் இடத்தை மட்டும் ஒரு போட்டோ எடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும். திட்டு வாங்கினாலும்.

பச்சையம்மாள்: என்னிடம் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். ஒல்லியாக இருந்ததைச் சொல்லக் கூடாது.

நான்: நாளை முதல் பஸ். பெட்டி கட்டுமுன் விழா அலுவலகத்தில் நிற்க வேண்டும். புதனுக்குள், ஒரு பெண் ஏன் வயிற்றை மூடிக்கொண்டு நடந்தாள் என்பதை நில அலுவலக ஆபீசருக்கு விளங்கும்படி மலாயில் எழுதி முடிக்க வேண்டும்.