பீங்கான் தூள் கோர்ட்

செவ்வாய், இரவு.

என்னப்பா, சாப்பிட்டாயா? என்னை நானேதான் கேட்டுக்கொள்கிறேன். தூக்கம் வரவில்லை.

சாயந்திரம் தம்பி செல்வத்தைக் காலேஜ் பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒரு காலத்தில் அவன் அங்கே கேப்டன். எந்தக் காலத்து டீம் பெரியது என்று அவனுக்கும் இப்போதைய பையன்களுக்கும் வாய்ச்சண்டை.

"ஒங்க காலத்துல மூணு பாயிண்ட் கோடே கெடையாதாமே? கிட்டவே நின்னு போட்டீங்களாண்ணே?" என்றான் இப்போதைய கேப்டன்.

"ஒங்களுக்கு சிமெண்டு தரைடா. நாங்க சூளையில ஒடஞ்ச பீங்கான இடிச்சிக் கொட்டி ஆடுனோம். மழ பேஞ்சாலும் சேறாவாது," என்றான் செல்வம்.

அந்தத் தளத்தில் அவனுக்கு இன்னும் பெருமை. ஆடினால் வெள்ளையாகத் தூசி எழும்பும். படித்து முடித்ததும் அதே தூசி பறக்கும் பீங்கான் சூளைக்குத்தான் வேலைக்கும் போனான். நுரையீரல் முழுக்க அதுதான், இனி தேறாது என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

செல்வம் பந்தை வாங்கி எறிந்தான். வளையத்துக்குப் பாதித் தூரம்கூடப் போகவில்லை. இருமிக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

"காத்து தள்ளிடுச்சிண்ணே, இன்னொண்ணு போடுங்க," என்றான் அந்தக் கேப்டன் பையன். காற்றே இல்லை.

வரும் வழியில், "எங்க டீம்தானண்ணே பெருசு?" என்றான் செல்வம். ஆமாம் என்றேன். டாக்டர் சொன்னதை நாளைக்காவது அவனிடம்—

செல்வம் கூப்பிடுகிறான். மூச்சு முட்டுகிறதாம். போய் நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.