டவுனில் அழ இடமில்லை

என் உயிரான செல்வி அப்பாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுத வேண்டிய தூரத்தில் என்றைக்கு இருந்தீர்கள்? தையல் மிஷினுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதானே இருந்தது. இப்போது எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதீர்கள். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்ற கை இது.

முதலில் ஊர்ச் செய்தி. ஹட்டன் அப்படியேதான் இருக்கிறது. மழை, பனி, பஸ் ஸ்டாண்டில் சேறு. எதிர் வரிசையில் புதிதாக ஒரு தையல் கடை வந்திருக்கிறது. கண்ணாடி அலமாரி, வாசலில் வர்ண போர்டு, எல்லாம் தடபுடல். உங்கள் காற்சட்டைக்காரர்கள் அங்கே போய்விட்டார்கள். எனக்கு ரவிக்கையும் பாவாடையும் மிஞ்சின. உங்கள் கத்தரிக்கோல் என் கைக்குப் பெரிது. ஆனாலும் அதை வைத்துத்தான் வெட்டுகிறேன். செல்வி நன்றாகப் படிக்கிறாள். உங்களைப் பற்றி அவள் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை.

இந்த ஊரில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். ரொட்டிக் கடைக்காரரிலிருந்து ஸ்டேஷன் போர்ட்டர் வரைக்கும் நான் டெய்லர் சம்சாரம். மண்ணெண்ணெய் வாங்கப் போனால், "புள்ள எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆளுக்கு ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள். குறை சொல்லவில்லை, அவர்களுக்கு வியாபாரம். ஆனால் இத்தனை பேரில் ஒருவர்கூட நம் வீட்டுக்குள் வந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்ததில்லை.

நீங்கள்தானே இங்கே வர ஆசைப்பட்டீர்கள். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, ஆள் எழுப்ப அடிக்கிற தப்பு மேளம் உங்களுக்கு ஆகவே ஆகாது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "இந்தச் சனியன் புடிச்ச சத்தம் இல்லாத எடத்துல போயி செத்தாலும் பரவால்ல புள்ள" என்பீர்கள். தையல் பழகினீர்கள். தோட்டத்து ஆள் கணக்கிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தோம். முதல் நாள், முகத்தில் வெயில் படும்வரை தூங்கி எழுந்து, "பாத்தியா, நம்மள யாரும் எழுப்பல!" என்று சிரித்தீர்கள். அப்படி ஒரு சிரிப்பை உங்கள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கேட்டபடியே ஆயிற்று. ஒரு தப்புச் சத்தம் இல்லாமல் போய்ச் சேர்ந்தீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. செத்தவர்மேல் கோபப்படலாமா?

அன்றைக்குச் சம்பள ஞாயிறு. பக்கத்துத் தோட்டத்து ஜனமெல்லாம் டவுனில். பட்டன் துளை வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மிஷின்மேல் சாய்ந்தீர்கள். டாக்டர் வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. வாய்விட்டு ஒரே ஒரு சத்தம் போட்டேன். பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கட்டட முதலாளி ஓடி வந்தார். உங்களைப் பார்த்ததும் அவர் கண்ணும் கலங்கியது. மெதுவாகச் சொன்னார்: "கோவிச்சிக்காதீங்கம்மா. மாசத்துல இந்த ஒரு நாளுதான் யாவாரம். கடை நெறைய சனம் நிக்குது. சத்தத்த மட்டும் கொஞ்சம் கொறைச்சிக்கிட்டா நல்லது."

நான் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். செல்வி என்னைப் பார்த்தாள். அவளும் தாவணியை எடுத்து அப்படியே செய்தாள்.

கிடத்தி வைக்க இடமில்லை என்று அன்று மாலையே எடுத்தார்கள். முதலாளியும் சில கடைக்காரர்களும்தான் தூக்கினார்கள், நன்றி மறக்கக் கூடாது. தெருவில் பாடைக்குப் பின்னால் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. நோர்வூட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம் பழைய தோட்டத்துச் சனத்துக்கு பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பிய சேதி போய்ச் சேர்ந்தபோது நீங்கள் மண்ணுக்குள் இருந்தீர்கள். பேர் வெட்டியவர் சாவுக்குத் தோட்டத்தில் லீவு இல்லை. நம் பெண்கள் அடுத்த ஞாயிறுதான் வந்தார்கள், கையில் சாமான் பையோடு. டீ குடித்தார்கள். என் கையைப் பிடித்து விசும்பினார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்கள்.

ஒரு வருடம் ஆகப்போகிறது. போன மாதம் வரைக்கும் உங்களுக்காக யாரும் வாய்விட்டு அழவில்லை, நான்கூட. ராத்திரியிலும் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளியின் பிள்ளைகள் தூங்குவார்கள். எங்கே போய் அழுவது?

போன மாதம் ஒரு காலை, ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். ரயில் பாதைக்கு மேலே இருக்கிற தோட்டத்திலிருந்து தப்பு கேட்டது. பெரட்டு நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. இது சாவுத் தப்பு. மிஷினில் என் கால் நின்றது. வேலை நாளில் நீங்கள் ஒருநாளும் கடையைப் பூட்டியதில்லை. நான் பூட்டினேன். தண்டவாளத்தைத் தாண்டி, தேயிலைக்குள் ஏறி, சத்தம் வந்த பக்கமாக நடந்தேன்.

யார் வீடு, யார் செத்தது, ஒன்றும் தெரியாது. லயத்து வரிசை வீடுகளின் வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்துக் கூடைகள் சுவரோரம் கிடந்தன. திரும்பிவிடலாமா என்று நின்றேன். ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விட்டாள்.

உட்கார்ந்ததுதான் தெரியும்.

"வெட்டி வச்ச துணி கெடக்கு, என் ராசாவே, வெட்டுன கை எங்க போச்சு..."

செத்தது ஒரு பெண். நானோ ராசாவே என்று அலறுகிறேன். யாரும் என்னை ஏனென்று பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்திருந்தவள் அந்த வரியை வாங்கிக்கொண்டாள். பிறகு வட்டம் முழுக்க வாங்கிக்கொண்டது. உங்கள் முகம்கூடத் தெரியாத பெண்கள், "வெட்டுன கை எங்க போச்சு" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கேட்டதா உங்களுக்கு? தப்பும் அடித்துக்கொண்டிருந்தது. உங்களுக்குப் பிடிக்காதுதான், என்ன செய்ய.

பாடையை எடுத்துக்கொண்டு போன பிறகு, என் தோளைப் பிடித்திருந்தவள் கேட்டாள். "நீங்க எந்த லயம் தங்கச்சி?"

"டவுனுங்க அக்கா."

"டவுனா?" என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன், அங்க அழமாட்டாங்களா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

செத்தவளின் பேர் பார்வதி என்று வரும்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மனசு லேசானதா என்று கேட்காதீர்கள். இல்லை. அழாமல் இருந்தவரை நீங்கள் துணி வாங்க எங்கோ போயிருப்பது மாதிரி இருந்தது. இப்போது நீங்கள் செத்துப்போய்விட்டீர்கள். தலைக்கு ஊற்றிவிட்டுக் கடையைத் திறந்தேன். "காலையில பூட்டிக் கெடந்துச்சே?" என்றார் முதலாளி. "ஒரு சாவுங்க" என்றேன். "அடடா" என்று சொல்லிவிட்டுத் தராசைப் பார்த்துக்கொண்டார்.

தோட்டத்துக்குத் திரும்பலாமே என்பீர்கள். லயத்தில் நாம் குடியிருந்த காம்பராவில் வேறு குடும்பம் இருக்கிறது. வெட்டின பேரை யார் திரும்ப எழுதுவார்கள்? எனக்கும் இந்தப் பலகைச் சுவருக்குள்தான் சாவு. அன்றைக்கும் சம்பள ஞாயிறாக இருந்துவிட்டால்? செல்வி தாவணியை வாயில் திணித்துக்கொண்டு நிற்பாள். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்கு. இனி அந்த மேட்டில் தப்பு கேட்டால் கடையைப் பூட்டுவேன். செத்தவர் பேரை முதலில் கேட்பேன், அவருக்கு அழுத பிறகு உங்களுக்கு அழுவேன். அடுத்த முறை செல்வியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். எனக்காக அழ எங்கே போக வேண்டுமென்று அவளுக்கு வழி தெரிந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பெண்சாதி,
செல்வியின் அம்மா