ஜன்னல் இல்லாத மரப்பாலம்

14 மார்ச் 2004, ஞாயிறு

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. சின்னத்தாயிக்கு முழங்கால் வலி அதிகம். குடம் தூக்காதே என்றால் கேட்பதில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு ரூபினியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். நரேஷ் கையில் வழவழவென்று ஒரு நோட்டீஸ். சந்தாபுராவுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி கட்டுகிறார்களாம். அவருடைய எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசுக்குப் பக்கம். இந்த நீலசந்திரா வீட்டை விற்றுவிட்டு நாலு பேரும் அங்கே ஒன்றாக இருக்கலாம், தரைத்தளம், அத்தை படி ஏற வேண்டாம் என்றார்.

முகப்பில் ஒரு படம். ஓட்டுக் கூரை போட்ட மரப்பாலம், ஒரு நீளமான வீட்டைத் தூக்கி ஓடைக்குக் குறுக்கே வைத்தது போல. வளாகத்துக்குள் நடந்து போக அதுதான் வழியாம். ஓசூர்ப் பக்கத்து ஆட்களுக்காகத் தமிழிலும் அச்சடித்திருக்கிறார்கள்: ‘ஐரோப்பிய அழகில் மூடப்பட்ட மரப்பாலம்.’ படித்ததும் சிரித்துவிட்டேன். மூடப்பட்ட தொழிற்சாலை, மூடப்பட்ட தியேட்டர் போல.

“மூடின பாலத்துக்கு இன்னாத்துக்கு நம்மள கூப்புடறாங்க? தொறந்துட்டு சொல்லச் சொல்லு,” என்றாள் சின்னத்தாயி.

ரூபினியும் சிரித்தாள். நரேஷ் சிரிக்கவில்லை. நோட்டீசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கூரைப்பாலம் என்று போட்டிருந்தால் வம்பில்லை. தமிழில் மூடுவதும் மறைப்பதும் பக்கத்துப் பக்கத்து வீடு.

17 மார்ச், புதன்

கப்பன் பார்க் நூலகத்தில் இரண்டு மணி நேரம். முப்பத்து மூன்று வருடம் வரலாறும் புவியியலும் நடத்தியவனுக்கு இந்தப் பாலங்களைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் என்ற ஊரில் பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய ஒன்று இருக்கிறது. 93-இல் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோக, அடுத்த வருடமே திரும்பக் கட்டிவிட்டார்கள். சீனாவில் இப்படிப்பட்டவற்றுக்குக் காற்று மழைப் பாலம் என்றே பெயர். உள்ளே உட்கார்ந்து பேச பெஞ்சு உண்டு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தன. வாயிலில் எழுதிப் போட்டிருப்பார்களாம்: குதிரையை நடத்திக் கூட்டிப் போ, ஓட்டினால் அபராதம். பலகை இடுக்குகள் வழியாகக் கோடு கோடாக வெயில் விழும் ஒரு படத்தைப் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். காதலர்கள் வண்டியை உள்ளே நிறுத்திக்கொள்வார்களாம். முத்தப் பாலம் என்றும் ஒரு பெயர். இதைச் சின்னத்தாயியிடம் சொல்லவில்லை.

கூரை எதற்கு? நடப்பவர் நனையாமலிருக்க என்று நான் எழுதியிருப்பேன். மதிப்பெண் பூஜ்யம். நனையக் கூடாதது பாலம்தான். நம் குளியலறைக் கதவு மேலே நன்றாக இருக்க, அடிப்பக்கம் மட்டும் உளுத்துக் கொட்டுகிறதே, அது போதும் உதாரணத்துக்கு. திறந்து கிடக்கும் மரப்பாலம் பத்து, இருபது வருடம் தாங்கும். கூரை போட்டால் நூறு வருடம்கூட நிற்கும்.

பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. கக்கூஸ் வரைக்கும் சிமெண்டில் கட்டுகிறவர் பாலத்தை மட்டும் ஏன் மரத்தில் கட்டுகிறார்?

21 மார்ச், ஞாயிறு

நால்வரும் போய்ப் பார்த்தோம். அஷ்வத் என்ற பையன் சுற்றிக் காட்டினான். கட்டட நிறுவனத்தின் விற்பனை ஆள், இருபத்தெட்டு வயது இருக்கும், கழுத்தில் டை. வீடுகள் இன்னும் பாதிதான் எழும்பியிருக்கின்றன. பாலம் மட்டும் முடிந்து, வார்னிஷ் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. ஏன் பாலம் முதலில்?

பலகையைக் குடைக்காம்பால் தட்டினேன். அடியில் இரும்பு உத்திரம். மரம் மேல்பூச்சுதான். அதுகூடப் பரவாயில்லை. இரண்டு பக்கமும் என் தலைக்கு மேல் உயரத்துக்குப் பலகை அடைத்திருக்கிறார்கள். ஒரு ஜன்னல் இல்லை.

“ஏன் தம்பி ஜன்னலே இல்ல?”

“அதுதான் சார் ப்யூட்டி! ஃபாரின்ல இப்படித்தான்.”

“ஃபாரின்ல தண்ணியப் பார்த்துக் குதிரை மிரளக் கூடாதுன்னு அடைச்சாங்க. இங்க குதிரை யாரு?”

அஷ்வத் பலமாகச் சிரித்தான். “சார் ரொம்ப ஜாலி டைப்!” கீழே என்ன என்று கேட்டேன். சும்மா சின்ன வாட்டர் பாடி சார், லேண்ட்ஸ்கேப்பிங் என்றான். நரேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பாலத்தின் இரண்டு முனையிலும் படி இல்லை, சரிவுதான். சின்னத்தாயி என் கையைப் பிடிக்காமல் ஏறி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தானாக நடந்தாள். திரும்பியும் வந்தாள். இப்படி நடந்து எத்தனை மாதம் ஆகிறது? “நல்லா ஜில்லுனு இருக்குதுங்க உள்ள,” என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் வேறொன்றும் கேட்க முடியவில்லை.

சரிவில் சிமெண்ட் மட்டும் புத்தம் புதுசு. மற்றதெல்லாம் காய்ந்திருக்க, அங்கே மட்டும் ஈரச்சாக்கு போட்டிருந்தார்கள். எதை மூடினார்கள்?

22 மார்ச்

ஜன்னல் ஏன் இல்லை?

28 மார்ச், ஞாயிறு

நரேஷ் போன் செய்தார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து போட்டால் தரைத்தளம் நமக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். ஏன் இவ்வளவு அவசரம்?

அன்றைக்கு அஷ்வத்தும் அவரும் தனியாக ஒதுங்கிப் பேசியது ஞாபகம் வருகிறது. மச்சா என்று கூப்பிட்டான். எங்கள் முன்னால் சார், அங்கே மச்சா. அன்று அஷ்வத் கொடுத்த நோட்டீசின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை இன்றுதான் கண்ணாடி போட்டுப் படித்தேன். வீடு வாங்க ஒரு குடும்பத்தைக் கூட்டி வருகிறவருக்குக் கார் நிறுத்துமிடம் இலவசமாம்.

நரேஷ் கார் வாங்கப் போவதாக ரூபினி பொங்கலன்று சொன்னாளே?

சீ. என் மாப்பிள்ளையையா? ஆனால் பரீட்சை ஹாலில் நல்ல பையன் என்று நான் விட்டுவிட்டவன்தான் தொடையில் எழுதிவைத்திருந்தான். ரூபினிக்குப் போன் செய்து, சாதாரணமாகக் கேட்பது போல, கார் நிறுத்துமிடத்தைப் பற்றிக் கேட்டேன். “எதுக்குப்பா கேக்கறே?” என்றாள்.

1 ஏப்ரல், வியாழன்

யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய் வந்தேன். கேட்டில் காவலுக்கு இருப்பவர் கோவிந்தப்பா. என் வயதுதான். அந்த நிலமே ஒரு காலத்தில் அவருடையது, ராகி விளைந்த இடம். பீடி பற்றவைத்துக்கொண்டு, கன்னடம் பாதி தமிழ் பாதியாகப் பேசினார்.

“சார், நீங்க மேஷ்ட்ரா? அப்ப புரியும் நோடி. இது ஓடை இல்ல, ராஜகாலுவே, பெரிய கால்வா. மேல ஒரு கெரெ, கீழ ஒரு கெரெ, ஏரின்னு சொல்வீங்களே. மேல ரொம்பினா தண்ணி இதுலதான் கீழ போவணும். ரெண்டு மாட்டு வண்டி பக்கத்துல பக்கத்துல எறங்கும், அவ்ளோ அகலம்.”

“இப்ப?”

“வாங்க, தோரிஸ்தீனி.”

பாலத்துக்குப் பின்னால் சரிவில் இறங்கிக் காட்டினார். இரண்டு சிமெண்ட் குழாய். ஒவ்வொன்றும் பள்ளி பெஞ்சில் சின்னப் பையன்கள் இரண்டு பேர் உட்காரும் அகலம். மீதிக் கால்வாய் முழுக்க மண் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டில்தான் ஏ பிளாக். எங்களுக்குச் சொன்ன தரைத்தளம் ஏ பிளாக்.

பாலத்தில் ஜன்னல் வைத்திருந்தால் நடக்கிற எவருக்கும் இந்தக் குழாய்கள் தெரிந்திருக்கும்.

“தண்ணி வந்தா என்ன ஆகும் கோவிந்தப்பா?”

“மூணு வருஷமா மளையே இல்லியே சார். எவனுக்கு ஞாபகம் இருக்கு?” பீடியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டு, “காலுவேக்கு இருக்கும்,” என்றார்.

4 ஏப்ரல், ஞாயிறு

சொன்னேன். சொன்ன விதம் சரியில்லை. எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, வகுப்பில் நிற்பது போல நின்றுகொண்டு, குழாய், மண், ஏ பிளாக் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

நரேஷ் முழுக்கக் கேட்டார். பிறகு, “மாமா, ஒரு வாட்ச்மேன் சொன்னத நம்பறீங்க. அது உங்க இஷ்டம். ஆனா நான் கார் பார்க்கிங்குக்காக உங்க வீட்ட விக்க வெக்கறேனான்னு ரூபினிகிட்ட கேட்டீங்களாமே?”

தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“கேட்டீங்களா இல்லையா?”

“கேட்டேன்.”

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ரூபினி பின்னாலேயே. தட்டில் சாப்பாடு அப்படியே. சின்னத்தாயி தட்டுகளை எடுத்துக்கொண்டே, “பாலத்துமேல சந்தேகம்னா பாலத்தத் தட்டணும். மனுசன ஏன் தட்டனீங்க?” என்று கேட்டாள்.

என்னத்த சொல்ல. தப்புதான். ஆனா பாலத்துல தப்பு இருக்கே, அதுக்கு யாரு பதில் சொல்றது?

11 ஏப்ரல், ஞாயிறு

ரூபினி மட்டும் வந்தாள். வாசலிலேயே நின்று சொன்னாள்.

“அந்தப் பாலத்துக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணு படி இருந்துச்சுப்பா. அம்மாவால ஏற முடியாதுன்னு இவரு அந்த அஷ்வத்துகிட்ட ஒரு மாசம் பேசி, படிய ஒடைச்சு சரிவா போட வெச்சாரு. அதத்தான் தனியா நின்னு பேசிட்டு இருந்தாங்க. அம்மா நடந்தப்ப அவரு கீழயே பார்த்துட்டு இருந்தாரே, எதுக்குன்னு நெனச்சே? கால் எங்க தடுக்குதுன்னு பார்த்துட்டு இருந்தாரு.”

ஈரச்சாக்கு. புது சிமெண்ட்.

எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றையும் தப்பாகப் படித்தேன்.

12 ஏப்ரல்

நரேஷுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை.

7 மே, வெள்ளி

மன்னிப்புக் கேட்பது ஒன்று, பாலத்தை நம்புவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆனேக்கல் தாலுகா ஆபீசுக்கு மூன்று நடை நடந்தேன். கிராம வரைபடத்தின் நகல் கிடைத்தது. கோவிந்தப்பா சொன்னது சரி. ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்கு இரட்டைக் கோடு, ஏ பிளாக் இருக்கும் இடத்தின் நடுவிலேயே ஓடுகிறது.

தபாலில் நரேஷுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு காகிதம். நான்கு முறை எழுதிக் கிழித்து, கடைசியில் இரண்டு வரி: ‘மாப்பிள்ளை, படியைப் பற்றி ரூபினி சொன்னாள். உங்களைச் சந்தேகப்பட்டது என் தவறு.’

19 மே, புதன்

கையெழுத்துக் கெடுவைத் தள்ளிக்கொண்டே வந்த நரேஷ், கடைசியில் அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சந்தாபுராவிலேயே கிருஷ்ணப்பா என்பவர் வீட்டில் மாடிப் போர்ஷனை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. சின்னத்தாயி ஏற முடியாத உயரம்.

எங்களைக் கூப்பிடவில்லை. வீட்டை விற்கும் பேச்சும் இல்லை. என் காகிதத்துக்குப் பதிலும் இல்லை.

12 நவம்பர் 2004, தீபாவளி

வந்தார்கள். அத்தையிடம் நன்றாகப் பேசினார். என்னிடம், “சௌக்கியமா மாமா.” கேள்வி போலவும் இல்லை.

3 ஜூலை 2005

அந்த வளாகத்தில் குடி வந்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்துக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்களாம். ரூபினி போனில் சொன்னாள். ஏ பிளாக் தரைத்தளத்தில் ஒரு ரிடையர்ட் தபால்காரரும் மனைவியும் இருக்கிறார்களாம். என் குடும்பத்தைத் தடுத்தேன். அந்தத் தபால்காரருக்கு யார் சொன்னார்கள்? வரைபடம் என் அலமாரியில்தான் இருக்கிறது.

நான் நினைத்தது பொய்யாகிவிட்டால் நன்றாக இருக்கும் என்று இன்று முதல் முறையாகத் தோன்றியது.

4 ஜூலை

வரைபடத்தை இரண்டு நகல் எடுத்து, வளாகத்துச் சங்கச் செயலாளருக்கும் அந்தத் தபால்காரருக்கும் அனுப்பினேன்.

20 ஜூலை

செயலாளரிடமிருந்து கடிதம். வீட்டு விலை இறங்கும்படியான செய்திகளைப் பரப்ப வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார்.

25 அக்டோபர் 2005, செவ்வாய்

நாலு நாளாக மழை. மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். நரேஷ். தனியாக, முட்டி வரை சேறு. சின்னத்தாயி துண்டும் காபியும் கொண்டுவந்தாள். குடித்துவிட்டுச் சொன்னார்.

“மேல ஏரி ரொம்பிடுச்சு மாமா. காலைல ஏ பிளாக்ல இடுப்பளவு தண்ணி. நானும் பக்கத்து வீட்டுப் பசங்களும் போனோம். குழாய் ரெண்டும் அடைச்சுக்கிச்சு.”

“அந்தத் தபால்காரர்?”

“அவருக்கு ஒண்ணும் ஆகல. நீங்க அனுப்பின மேப்ப வெச்சிருந்தாராம். நேத்தே சாமான மேல தூக்கி வெச்சுட்டு, பக்கத்து வீட்டுக்காரங்களையும் எழுப்பிவிட்டாராம். எல்லாரும் எங்க உக்காந்திருக்காங்க தெரியுமா? அந்தப் பாலத்துக்குள்ள. அதுதான் மேடு, கூரையும் இருக்கு. ஒம்போது குடும்பம். ஒரு அம்மா ஸ்டவ் பத்தவெச்சு உப்புமா கிண்டிட்டு இருந்தாங்க. உள்ள ஒரே இருட்டு, புகை. நாங்க கடப்பாறையால பக்கப் பலகையப் பேத்து ஜன்னல் வெச்சுக் குடுத்தோம்.”

அவர் உள்ளங்கைகளைப் பார்த்தேன். இரண்டிலும் கொப்புளம்.

“நீங்க அனுப்பினத அப்பவே படிச்சேன் மாமா,” என்றார். “மேப்பையும், அந்த ரெண்டு வரியையும். வீடு வேணாம்னு சொன்னேன். உங்களுக்குச் சொல்ல வாய் வரல. கோவம்.”

“கோவம் நியாயந்தான் மாப்பிள்ளை.”

“கிருஷ்ணப்பா வீட்டுல கீழ் போர்ஷன் காலியாகுது. நீங்க ரெண்டு பேரும் அங்க வந்துடுங்க. உங்க சந்தேகத்தையும் கூட்டிட்டே வாங்க, அதுக்கும் ஒரு ரூம் இருக்கு.”

சமையலறையிலிருந்து சின்னத்தாயி சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

6 நவம்பர் 2005, ஞாயிறு

சந்தாபுரா. பாத்திரங்கள் இன்னும் சாக்கிலேயே இருக்கின்றன. மதியம் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பா வாடகைப் பத்திரத்தோடு வந்தார், ஏழு பக்கம், எல்லாம் கன்னடத்தில் பொடி எழுத்து. கண்ணாடி எந்தச் சாக்கில் போனதென்று தேடினேன்.

“நான் படிச்சுட்டேன் மாமா,” என்றார் நரேஷ்.

பேனாவை வாங்கி, அவர் விரல் வைத்த இடங்களில் ஒவ்வொன்றாக நாராயணசாமி, நாராயணசாமி என்று கையெழுத்து போட்டேன்.